மூன்றால் வகுத்த நகரம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு லட்சம் பேர் குடியிருந்தார்கள். அதனால் நானும் அப்பாவும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

ஒரு லட்சம் என்பது போட்டி நடத்துகிறவர்கள் வைத்த கணக்கு. பொறியியல் மாணவர்களுக்கான நகர வடிவமைப்புப் போட்டி அது. தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே சேமித்து, மின்சாரத்தைத் தானே தயாரித்து, குப்பையையும் தானே செரித்துக்கொள்கிற ஒரு நகரத்தைத் திட்டமிட வேண்டும். அதன் மாதிரியைச் செய்து கொண்டுவந்து நடுவர்கள் முன்னால் வைக்க வேண்டும். படிக்க அழகாகத்தான் இருந்தது. செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கூரையை ஒட்டினால் சுவர் சாயும், சுவரை நிமிர்த்தினால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஏணி, அவசரம், நான். ஏணி எங்கள் வகுப்பிலேயே உயரமானவன், வாய் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும். மாதிரி செய்யும் வேலை அவனுடையது. அவசரம் என் பெஞ்சில் உட்காருகிறவள். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள், அதனால் நடுவர்களிடம் பேசும் வேலை அவளுக்கு. தண்ணீர், மின்சாரம், குப்பை, அத்தனை கணக்கும் என் தலையில். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, முள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லும் விதத்திலேயே காரணம் புரிந்துவிடும்.

மற்ற இரண்டு பேரும் பரிசுக்காகச் சேர்ந்தார்கள். நான் சேர்ந்த காரணம் வேறு. கல்லூரி அறிவிப்புப் பலகையில் போட்டியின் தலைப்பைக்கூட நான் சரியாகப் படிக்கவில்லை, கடைசி வரியைத்தான் படித்தேன். முதலிடம் பெறும் குழுவை இறுதிச் சுற்றுக்கு வெளிநாடு அழைத்துப் போவார்களாம். இறுதிச் சுற்று நடக்கும் ஊரில்தான் என் அம்மா வேலை பார்க்கிறாள்.

அம்மா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், போய் மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் லீவு கிடைக்கப்போகிற நேரத்தில் யாராவது வேலையை விட்டுப் போய்விடுவார்கள், அம்மாவின் லீவு தள்ளிப்போகும். டிக்கெட் எடுத்து நாங்கள் போய்ப் பார்க்கிற வசதி இல்லை. தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். போனை எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை, நெற்றியும் பாதிக் கண்ணும்தான் தெரியும். பின்னால் எப்போதும் ஒரு மாடிப்படி. ரூமைக் காட்டும்மா என்றால், "எல்லாரும் தூங்கறாங்கடி, சத்தம் போடக் கூடாது" என்பாள். எனக்கு அந்த நெற்றி மனப்பாடம்.

போட்டியைப் பற்றிச் சொன்னபோது அந்த நெற்றி சுருங்கி விரிந்தது. "நெஜமாவா? இங்கயா?"

"ஜெயிச்சாதான்மா."

"நீ ஜெயிப்ப. நான் இப்பவே லீவுக்குச் சொல்லி வெச்சிடறேன்."

அதற்குப் பிறகு நான் ஜெயிக்காமல் இருக்க வழியே இல்லை.

போட்டியில் ஒரு விதி இருந்தது. புத்தகத்தில் இருக்கிற சராசரிகளை எடுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு குழுவும் நிஜமான ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் அங்கே ஆகிற தண்ணீரையும் மின்சாரத்தையும் சேருகிற குப்பையையும் அளக்க வேண்டும். அதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, அந்த அளவில் நகரத்தைக் கட்ட வேண்டும். ஏணியும் அவசரமும் விடுதியில் இருப்பவர்கள், அங்கே யார் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பது கடவுளுக்கே தெரியாது. எனவே எங்கள் வீடு என்று முடிவானது.

எங்களுடையது மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா பஸ் டிரைவர். நான் எழுந்திருப்பதற்குள் சமைத்து மூடி வைத்துவிட்டு டிப்போவுக்குப் போய்விடுவார். நான் வரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், சாயங்காலம் எழுந்து மறுபடி ஒரு ட்ரிப். அவருடைய விடுமுறை நாட்களில்தான் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருவரும் இருப்போம், அப்போதும் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அம்மா இருந்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் அவள்தான் பேசினாள். "அப்பா கேக்கறார், பதில் சொல்லு." "அவ கோபமா இருக்கா, நீங்க இப்பப் பேசாதீங்க." அவள் போன பிறகு வீட்டில் குழாய்தான் அதிகமாகப் பேசியது. தனியாக இருக்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள், எனக்குப் பாவம் பார்த்தால் பிடிக்காது.

ஏணியும் அவசரமும் மாதிரி செய்ய வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவசரம் கேட்பாள், "அம்மா எங்கடி?"

"டூட்டிக்குப் போயிருக்காங்க."

பொய் ஒன்றும் இல்லையே.

சமையலறை ஓரத்தில் தொங்கு தராசை மாட்டி, தினமும் குப்பைப் பையை எடை போட்டேன். குழாய் மீட்டரையும் கரண்ட் மீட்டரையும் கல்லூரி விட்டு வந்ததும் பார்த்துக் குறித்தேன். தண்ணீரும் மின்சாரமும் ஒழுங்காக இருந்தன, மிச்சச் சாப்பாடுதான் மானத்தை வாங்கியது. தினமும் பானையின் அடியில் ஒரு கட்டி சோறு. அப்பாவின் விடுமுறை நாளில் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ப்பா, இவ்ளோ நாளா சமைக்கறீங்க, இன்னும் அளவு தெரியலயா? நான் ஊருக்கே குப்பையக் குறைக்கச் சொல்லப்போறேன். நம்ம வீட்டுத் தொட்டியப் பாருங்க."

அப்பா பானையை எட்டிப் பார்த்தார். "டம்ளர்ல அளந்துதான் போடறேன் பாப்பா."

"பின்ன எப்படி மிஞ்சுது?"

"பழக்கமாயிடுச்சு" என்றார். எது பழக்கம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஓட்டுகிறவருக்குச் சமையல் வருவதே பெரிய விஷயம் என்று விட்டுவிட்டேன்.

மாத முடிவில் கணக்குப் போட உட்கார்ந்தேன். மொத்தத் தண்ணீரைப் போட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் மூன்று என்று போட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எங்கே கேட்டாலும் அதைத்தான் போட்டிருக்கிறேன். அப்பா, அம்மா, நான். பெயரைக் கேட்டால் யாராவது யோசித்தா சொல்வார்கள்?

வந்த விடையைப் பார்த்து அவசரம் குதித்தாள். "இவ்ளோ கம்மியாவா? உங்க வீட்ல எல்லாரும் ஒட்டகமாடி?"

"சிக்கனம்" என்றேன், கொஞ்சம் திமிராக.

அந்தச் சிக்கனத்தின் மேல் நகரத்தை எழுப்பினோம். தலைக்குத் தண்ணீர் குறைவு என்பதால் தொட்டிகள் சிறியவை, குழாய்கள் மெல்லியவை, மிச்சமான இடமெல்லாம் மரங்கள். ஏணி பஞ்சில் பச்சை ஏற்றி ஒவ்வொரு மரமாக நட்டான். மொட்டை மாடி தோறும் சூரியத் தகடு. அட்டையில் செய்த நகரம் என்றாலும், சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அதன் மேல் விழும்போது, அங்கே போய்க் குடியிருக்கலாம் போலத்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் விடுதிக்குப் போன பிறகு நான் மேசை அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஒரு லட்சம் பேர், ஒரு சத்தம் கிடையாது.

ஒரு நாள் அப்பா சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து பக்கத்தில் நின்றார்.

"இதுல நம்ம வீடு எது?"

அப்படி ஒன்றை நான் யோசித்ததே இல்லை. பூங்காவை ஒட்டி இருந்த ஒரு கட்டடத்தைக் காட்டினேன். "இதுல, மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்பச் சரி. அம்மாவுக்கு முட்டி வலிக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் தாள் ஒட்டினேன். ஏணி மறுநாள் கவனித்தான்.

போட்டி ஒரு உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. தரையில் பந்தாட்டக் கோடுகள், கோடுகளின் மேல் வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு நகரம். பறக்கும் கார் வைத்த நகரம், மிதக்கும் நகரம், தரைக்கு அடியில் போன நகரம். அத்தனையிலும் எங்களுடையதில்தான் தொட்டி சின்னது, மரம் அதிகம். மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து மேசைப் பையன்கள் வந்து எங்கள் எண்களைப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. கைப்பையில் என் பாஸ்போர்ட் இருந்தது. அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு அம்மையார் குடிநீர் வாரியத்தில் தலைமைப் பொறியாளர். கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி. அவசரம் மூச்சு விடாமல் பேசி முடித்தாள். மற்ற இரண்டு நடுவர்களும் தலையாட்டினார்கள், ஒருவர் ஏணியின் மரங்களைத் தொட்டுக்கூடப் பார்த்தார். அந்த அம்மையார் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் அட்டவணை முன்னால் நின்றார்.

"அளந்த வீட்ல எத்தனை பேர்?"

"மூணு பேர், மேடம்" என்றேன்.

"தண்ணி ரெண்டு பேர் செலவு பண்ற மாதிரிதான் இருக்கு. கரண்டும் அப்படித்தான். மிச்சச் சாப்பாடு மட்டும் ஏன் இவ்ளோ?" அவர் சிரித்தார். "தினமும் ஒரு ஆள் சாப்பாடு அப்படியே குப்பைக்குப் போயிருக்கு. மூணு பேருக்குச் சமைக்கறீங்க, ரெண்டு பேர்தான் சாப்பிடறீங்க. அந்த மூணாவது ஆள் சாப்பிடறதும் இல்ல, குளிக்கறதும் இல்ல. யாரும்மா அது, பேயா?"

மற்ற நடுவர்களும் சிரித்தார்கள். அவர் கிண்டலாகத்தான் கேட்டார், குத்த வேண்டும் என்று கேட்கவில்லை. டம்ளரில் அளந்துதான் போடுகிறேன் என்று அப்பா சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆளுக்கு ஒரு டம்ளர். மூன்று வருடமாக மூன்று டம்ளர். அப்பாவை அளவு தெரியாதவர் என்று திட்டிய நான் அதே தப்பைத்தான் ஒரு லட்சம் பேருக்குச் செய்து வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவசரம் புகுந்தாள். "அவங்க அம்மா நர்ஸ், மேடம். எப்பப் போனாலும் டூட்டிலதான் இருப்பாங்க."

"ஓ, அதுதானா. அங்கயே சாப்பிட்டு, அங்கயே குளிச்சிட்டு வர்றாங்களா. சரி, ஓரளவுக்கு ஒத்துக்கலாம்." அவர் பேனாவை எடுத்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. நான் பேசாமல் நின்றிருந்தால் போதும். அம்மாவின் நெற்றி, அதற்குக் கீழே கண், மூக்கு, கழுத்து, கை, முழு அம்மா. அந்தப் பேனாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

எழுதிக்கொண்டே அவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார். "பாவம், எப்ப வீட்டுக்கு வருவாங்க?"

சாயங்காலம் என்று சொல்லியிருக்கலாம். ஷிஃப்ட் மாறி மாறி வரும் மேடம் என்று சமாளித்திருக்கலாம்.

"தெரியல, மேடம்" என்றேன். "மூணு வருஷமா வரல. வேற நாட்டுல இருக்காங்க."

பேனா நின்றது. அவசரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏணி நகரத்தைப் பார்த்தான்.

"அப்ப வீட்ல ரெண்டு பேர்" என்றார் அம்மையார், இந்த முறை சிரிக்காமல்.

"ஆமா மேடம். நான்... யோசிக்காம போட்டுட்டேன். எப்பவும் போடறதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னிடம் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார், அதுதான் தாங்கவில்லை. "தொட்டி, குழாய், பம்ப் எல்லாம் இந்த அளவுலதானே போட்டிருக்கீங்க. இந்த ஊர்ல மூணுல ஒருத்தருக்குத் தண்ணி வராதும்மா."

எங்கள் நகரம் முதல் மூன்றில் வரவில்லை. மிதக்கும் நகரம் ஜெயித்தது. அந்தப் பையன்கள் வெளிநாடு போகிற சந்தோஷத்தில் ஒருவரை ஒருவர் தூக்கிச் சுற்றினார்கள். போய் இறங்கியதும் என்னென்ன பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் பார்க்கப்போகிற எதுவும் எனக்கு வேண்டாம், எனக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் வேண்டும். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், பிறகு தண்ணீர் வீணாகிறதே என்று மூடிவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது ஏணி நகரத்தை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவசரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று தெரியும், திட்டட்டும் என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அன்றைக்கு அவசரப்படவில்லை.

"எத்தன தடவ உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"டூட்டின்னு சொன்னேனே."

"டூட்டின்னா சாயங்காலம் வந்துருவாங்கன்னு நெனச்சேன்டி."

"நானும் அப்படித்தான் நெனச்சுக்குவேன்" என்றேன்.

ஏணி வந்து என் கையில் எதையோ வைத்துவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பூங்கா ஓரத்துக் கட்டடம், மஞ்சள் ஜன்னலோடு. அதை மட்டும் பெயர்த்து எடுத்திருந்தான்.

வீட்டில் அப்பா இருந்தார். எனக்காக அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார், அதை என்னிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மேசை காலியாக இருந்தது. மாதக்கணக்கில் அந்த மேசையின் மரத்தையே நாங்கள் பார்த்திருக்கவில்லை, நடுவில் பசைக் கறை வட்டமாகத் தெரிந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று டம்ளர் விஷயத்தைச் சொல்லும்போது அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் பாப்பா, மிஞ்சும்னு. ரெண்டு டம்ளர் போட்டுட்டு டப்பாவ மூட மனசு வரல."

அப்போது போன் அடித்தது. அம்மா. நெற்றி, பாதிக் கண், பின்னால் மாடிப்படி.

"என்னாச்சு? சொல்லுடி. இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், என் பொண்ணு வர்றான்னு."

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோனது. "தோத்துட்டோம்மா. என்னாலதான். வீட்ல எத்தன பேர்னு கேட்ட எடத்துல உன்னையும் சேத்துட்டேன். கணக்கு மொத்தமும் தப்பாயிடுச்சு."

நெற்றி அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா?"

"இருக்கேன்." குரல் ஒரு மாதிரி இருந்தது. "என்னையும் சேத்தா போட்ட?"

"ஆமா. சாரிம்மா. உன்னப் பாக்க வந்திருக்கலாம், நானே கெடுத்துட்டேன்."

"ஏன் எப்பவும் மாடிப்படியிலேந்து பேசறேன்னு கேப்பல்ல?" அம்மா மாடிப்படியை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எங்க ரூம்ல நாலு பேருக்குத்தான் அனுமதி. நாங்க ஆறு பேர் இருக்கோம். எண்ணிப் பாக்க ஆள் வந்தா ரெண்டு பேர் வெளில வந்து நின்னுக்கணும், அவங்க போற வரைக்கும். அதுல நான் ஒருத்தி, அதான் ரூம உனக்குக் காட்டினதே இல்ல. அந்தக் கதவுல என் பேர் கெடையாது. இங்க எந்தக் கணக்குலயும் நான் இல்லடி." போனை அவள் சரியாகப் பிடித்தாள், மூன்று வருடத்தில் முதல் தடவையாக. முழு முகமும் தெரிந்தது. இளைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். "உன் கணக்குலயாவது இருந்தேனே."

நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். என்னால் பார்க்க முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ரொம்ப நேரம் அப்பா "ம், ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் சமையலறைக்குப் போனார். அரிசி டப்பா திறக்கும் சத்தம் கேட்டு நானும் போய் வாசலில் நின்றேன். ஒரு டம்ளர் போட்டார். இன்னொன்று போட்டார். நான் நிற்பதைத் திரும்பிப் பார்த்தார். காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டப்பாவின் மூடியைத் தேடினார்.

"மூணாவதும் போடுங்கப்பா" என்றேன்.

அவர் போட்டார்.

மேசையைத் துடைத்து, அந்தக் கட்டடத்தை ஓரமாக நிறுத்தினேன். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வயிறு நிறைந்த பிறகும் அப்பா பானையைச் சாய்த்து, மிச்சம் இருந்ததை என் தட்டில் பாதியும் அவர் தட்டில் பாதியுமாகப் போட்டார். மூச்சு முட்டத்தான் செய்தது. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டோம், அன்றைக்குக் குப்பைக்கு ஒன்றும் போகவில்லை.